ஓஷிலும் சமர்கண்டிலும் ஆறு குளிர்காலங்கள்

பிள்ளையை மருத்துவம் படிக்க மத்திய ஆசியாவுக்கு அனுப்பலாமா என்று யோசிக்கும் குடும்பங்கள் இன்று தாம்பரத்தை அடுத்த ராஜகீழ்ப்பாக்கத்திலும் செலையூரிலும் மாடம்பாக்கத்திலும் இருக்கின்றன. அவர்கள் ஏஜென்டிடம் கேட்பதெல்லாம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். மொத்தம் எவ்வளவு ஆகும், எத்தனை தவணை, என்.எம்.சி. அங்கீகாரம் உண்டா, ஹாஸ்டலில் நம்ம ஊர்ச் சாப்பாடு போடுவார்களா. அந்தக் கல்லூரி இருக்கும் ஊர் எப்படிப்பட்டது, ஜனவரியில் அங்கே எவ்வளவு குளிரும், ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளி என்ன மொழி பேசுவார், ஏதாவது ஒன்று என்றால் நம் தூதரகம் எத்தனை தொலைவில் இருக்கிறது என்பதையெல்லாம் விசாரிப்பவர்கள் குறைவு. பிள்ளை ஐந்தாறு வருஷம் வாழப்போவது அந்த ஊரில். படிப்பு தேறுவதில் அந்த ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன் ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கட்சி. அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இந்த ஊர்ப்பெயர்கள் நம் காதில் விழத் தொடங்கிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2024 இல் நீட் எழுதியவர்கள் 23 லட்சத்துக்கும் மேல். நாடு முழுவதும் இருந்த எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டியவை. அரசு இடம் நழுவியவர்களுக்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் திறந்திருக்கின்றன. ஆனால் அங்கே படிப்பை முடிக்க ஒரு கோடிக்கு மேல் வேண்டும். வெளிநாட்டில் அதில் நான்கில் ஒரு பங்கு, மூன்றில் ஒரு பங்கு போதும் என்கிறார்கள். 2022 பிப்ரவரி வரை அந்த வெளிநாடு பலருக்கும் உக்ரைனாக இருந்தது. போர் மூண்டதும் ஆயிரக்கணக்கான மாணவர்கள் பாதிப் படிப்போடு ஊர் திரும்பினார்கள். அவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை சமர்கண்ட் அரசு மருத்துவப் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொண்டது. அதன் பிறகு கிர்கிஸ்தானின் ஓஷும் பிஷ்கெக்கும், உஸ்பெகிஸ்தானின் சமர்கண்டும் புகாராவும் அந்திஜானும், கசக்ஸ்தானின் கரகண்டாவும் செமேயும் தாம்பரத்துக் குடும்பங்களின் பேச்சில் அடிபடத் தொடங்கின.

தலைநகரங்களான தாஷ்கெண்டையும் பிஷ்கெக்கையும் பழைய தலைநகரான அல்மாட்டியையும் தள்ளிவிட்டால் மிச்சம் எல்லாம் நடுத்தர ஊர்கள். விமானம், தூதரகம், பெரிய மருத்துவமனை, இந்தியக் கடை என எல்லாவற்றுக்கும் தலைநகரை எதிர்பார்க்கும் ஊர்கள். வாடகையும் செலவும் குறைவு, கூட்டம் குறைவு, ஏமாற்றுவதும் குறைவு. வெளியாள் எளிதில் அடையாளம் தெரிந்துவிடுவார்.

முதலில் அங்கீகாரக் கேள்வியைத் தீர்த்துவிடுவோம். 2021 நவம்பரில் வந்த தேசிய மருத்துவ ஆணைய (என்.எம்.சி.) விதிகளுக்குப் பிறகு, இந்த வெளிநாட்டுக் கல்லூரிக்கு அங்கீகாரம் உண்டு, அதற்கு இல்லை என்று ஆணையம் பட்டியல் போடுவதில்லை. நிபந்தனைகளை மட்டும் சொல்கிறது. குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி, ஆங்கிலவழிக் கல்வி, படித்த நாட்டிலேயே மருத்துவராகப் பதிவு செய்துகொள்ளும் தகுதி. இவை நிறைவேறினால்தான் வெளிநாட்டில் படித்தவர்களுக்கான எஃப்.எம்.ஜி.இ. தேர்வை எழுத முடியும். எழுதித் தேறிய பிறகு இங்கேயும் ஒரு வருடப் பயிற்சி உண்டு. அந்தத் தேர்வில் 300 க்கு 150 மதிப்பெண் எடுக்க வேண்டும். அண்மை ஆண்டுகளின் பெரும்பாலான பருவங்களில் எழுதியவர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் தவறியிருக்கிறார்கள். ஆகவே விளம்பரப் பலகையில் ‘என்.எம்.சி. அங்கீகாரம் பெற்றது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால், அதை நம்பிப் பணம் கட்ட வேண்டியதில்லை. 54 மாதம், 12 மாதம் என்ற கணக்கைக் கல்லூரியின் கடிதத்தில் எழுத்தில் வாங்குவதே பாதுகாப்பு.

எழுபது பேர் ஏன் தவறுகிறார்கள்? மாணவனின் முயற்சி, கல்லூரியின் தரம் என்று பதில்கள் உண்டு. அவை பொய்யல்ல. ஆனால் வார்டில் என்ன நடக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். நோயாளி ஆங்கிலம் பேச மாட்டார். அதற்காக முதல் ஆண்டுகளில் ரஷ்ய மொழி வகுப்பு வைக்கிறார்கள். அந்த ரஷ்யன் எங்கே உதவும், எங்கே உதவாது என்பது ஊருக்கு ஊர் மாறும். கரகண்டாவில் வீதி, கடை, ஆஸ்பத்திரி எங்கும் ரஷ்யன் செல்லும். ஓஷில் வரும் நோயாளி கிர்கிஸ் பேசலாம், உஸ்பெக் பேசலாம். சுற்றியுள்ள கிராமத்திலிருந்து வரும் பாட்டிக்கு ரஷ்யன் அரைகுறையாகத்தான் வரும். சமர்கண்டும் புகாராவும் இருப்பது உஸ்பெகிஸ்தானில் என்றாலும் அந்த ஊர்க்காரர்கள் பெருமளவில் வீட்டில் பேசுவது தாஜிக். மூன்றாம் ஆண்டில் கட்டிலருகே நின்று, எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து, சாப்பிட்ட பிறகு அதிகமாகிறதா என்று கேட்கத் தெரியாத மாணவன் பேராசிரியரின் முதுகுக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்புவான். இப்படி மூன்று வருஷம் போனால், பிறகு எத்தனை கோச்சிங் போனாலும் அந்த ஓட்டையை அடைப்பது கடினம்.

எழுத்து விஷயத்தில் உஸ்பெகிஸ்தானில் ஒரு வசதி உண்டு. கடைப் பலகைகளும் தெருப் பெயர்களும் பெரும்பாலும் லத்தீன் எழுத்தில் இருப்பதால் முதல் நாளே படித்துவிடலாம். கிர்கிஸ்தானில் சிரிலிக் எழுத்தைக் கற்காமல் பஸ் ஏற முடியாது. மாணவர்களுக்கு அதைக் கற்க ஒரு வாரம் போதும். பெற்றோர் அதைப் பெரிய தடையாக எண்ண வேண்டாம்.

வார்டைப் பற்றி இன்னொன்று. இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது, விளம்பரங்களில் தேடினாலும் கிடைக்காது. கசக்ஸ்தான் 2012 இலும் கிர்கிஸ்தான் 2016 இலும் உஸ்பெகிஸ்தான் 2018 இலும் மலேரியா இல்லாத நாடுகள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றன. அந்த மக்களுக்கு அது நல்ல செய்தி. ஆனால் அங்கே ஆறு ஆண்டு படிக்கும் நம் பிள்ளை மலேரியா நோயாளியைக் காணாமலே பட்டம் வாங்கலாம். டெங்குவும் எலிக்காய்ச்சலும் பாம்புக்கடியும் அப்படித்தான். மழைக்காலம் வந்தால் நம் தாம்பரம் சுற்றுவட்டார மருத்துவமனைகளில் வரிசை கட்டுவது இவைதான். அங்கே பார்க்கக் கிடைப்பது வேறு: ஆடுமாடுகளிடமிருந்து தொற்றும் புருசெல்லா காய்ச்சல், கல்லீரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டி உண்டாக்கும் எக்கினோகாக்கஸ் புழுநோய், மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்ச் சுமை அதிகமுள்ள 30 நாடுகளின் பட்டியலில் இந்த மூன்று நாடுகளுமே இருக்கின்றன, இந்தியாவும் இருக்கிறது. 1928 இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய தாம்பரம் சானடோரியம் நம் வீட்டுப் பக்கத்திலேயே இருப்பதால் இந்த நோயின் கனம் நமக்குத் தெரியும். இந்த ஒரு துறையில் அங்கே கற்பது இங்கே நேராகக் கைகொடுக்கும். மற்றவற்றுக்கு, கோடை விடுமுறைக்கு வரும்போது இங்குள்ள மருத்துவர் ஒருவரின் அனுமதியோடு காய்ச்சல் வார்டில் கூட நின்று பார்ப்பது நல்லது.

இனி குளிர். நம் பகுதியில் மார்கழி இரவில் வெப்பம் 20 பாகைக்குச் சற்றுக் கீழே இறங்கினாலே குல்லாய் போடுகிறோம். சமர்கண்டில் ஜனவரியின் சராசரியே பூஜ்யத்தை ஒட்டியிருக்கும், ஓஷில் அதற்கும் கீழே. கரகண்டாவில் சராசரி மைனஸ் 13 அளவில். சில நாட்கள் மைனஸ் 30 ஐத் தொடும், வெட்டவெளிப் புல்வெளியில் பனிக்காற்று வேறு. வீட்டில் கொடுத்தனுப்பிய தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே போனால் கட்டியாகிவிடும் என்பதால், அக்டோபரிலேயே புட்டிக்குள் வெள்ளையாக உறைந்து நிற்கும். வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால்தான் தலைக்குத் தேய்க்க வரும். சோவியத் காலத்துக் கட்டடங்களில் அறைக்கு அறை ஜன்னலடியில் இரும்புக் குழாய் வைத்திருப்பார்கள். ஊருக்கு வெளியே உள்ள அனல் நிலையத்திலிருந்து சுடுநீர் அதில் ஓடி அறையைச் சூடாக்கும். துணி காய்வதும் அதன் மேல்தான். அறைக்குள் வெப்பத்துக்குக் குறைவில்லை, காற்று மட்டும் வறண்டு உதடு வெடிக்கும், சில பிள்ளைகளுக்கு மூக்கில் ரத்தம் வரும்.

இந்த ஏற்பாட்டின் பலவீனம், குழாய் நின்றால் எல்லாம் நின்றுவிடும் என்பது. 2022 நவம்பரில் கசக்ஸ்தானின் எகிபாஸ்டுஸில் அனல் நிலையம் பழுதாகி, மைனஸ் 30 குளிரில் ஊரே வெப்பமின்றித் தவித்தது. 2023 ஜனவரியில் உஸ்பெகிஸ்தானில் பல பத்தாண்டுகளில் காணாத குளிரோடு எரிவாயுத் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. தாஷ்கெண்ட் மேயரையே அதிபர் பதவி நீக்கினார். கிர்கிஸ்தான் 2023 ஆகஸ்டிலிருந்து 2026 முடிய மின்துறையில் அவசரநிலை அறிவித்திருக்கிறது. எனவே ஹாஸ்டலைப் பற்றி விசாரிக்கும்போது, ஒரு அறைக்கு எத்தனை கட்டில் என்பதோடு, வெப்பம் நகரக் குழாயிலிருந்தா, சொந்த பாய்லரா, மின் ஹீட்டரா என்று கேட்க வேண்டும். மூன்றில் இரண்டு வழி உள்ள கட்டடமே மேல். கம்பளி உடையை இங்கே தேடி வாங்குவதைவிட அங்கேயே சந்தையில் வாங்குவது நல்லது. அந்த ஊர் பூட்ஸின் அடிப்பாகம் உறைபனி நடைபாதைக்கென்றே செய்தது. பகலில் உருகி இரவில் மறுபடி கண்ணாடியாக இறுகும் நடைபாதையில் நம் ஊர் ஷூ போட்டு நடந்தால் விழுவது உறுதி.

சாப்பாட்டைப் பற்றி நம்மவர்களுக்கு இருக்கும் பயம், உண்மை நிலவரத்தைவிடப் பெரியது. இறைச்சி இல்லாமல் இலை நிறையாத ஊர்கள்தான். கிர்கிஸ்தானிலும் கசக்ஸ்தானிலும் குதிரைக்கறியும் உண்டு. கறி சாப்பிடாத பிள்ளை ஓட்டலில் சிரமப்படும். ஆனால் சந்தைக்குப் போனால் நிலைமை வேறு. ஓஷின் ஜய்மா பஜார் அக்-புரா ஆற்றோரமாக நீண்டு கிடக்கும் பழைய சந்தை. தக்காளி, கத்தரிக்காய், வெங்காயம், குடமிளகாய், மஞ்சள் கேரட், கொத்தமல்லிக் கட்டு எல்லாம் கோடையில் மலிவு. சீரகம் இல்லாமல் அவர்களுக்குச் சமையலே கிடையாது. மல்லிவிதையும் மிளகும் காய்ந்த மிளகாயும் மூட்டை மூட்டையாக இருக்கும். கொண்டைக்கடலை உண்டு, பாசிப்பயறு உண்டு. பயறையும் அரிசியையும் சேர்த்துக் குழைய வேகவைத்து மோஷ்கிச்சிரி என்று உஸ்பெக்குகள் சாப்பிடுகிறார்கள். கத்திக் என்ற அவர்களுடைய தயிர் கெட்டியாகவும் நல்ல புளிப்பாகவும் இருக்கும்.

அரிசியில் ஓஷுக்குத் தனிப் பெருமை உண்டு. பக்கத்து உஸ்கென் வட்டாரத்தில் விளையும் தேவ்சிரா அரிசி, மாப்பிள்ளைச் சம்பாவைப்போல் செம்மை படர்ந்தது. நடுவில் ஒரு கோடு ஓடும். கையில் அள்ளினால் அதன் தூசு விரலில் ஒட்டும். நன்றாகக் கழுவி ஊறவைத்துத்தான் சமைக்க வேண்டும். கொழுப்பையும் நீரையும் ஏராளமாகக் குடிக்கும், ஆனாலும் பருக்கை பருக்கையாகத் தனித்து நிற்கும். பிலாவ் என்ற அவர்களுடைய புலாவுக்கென்றே பிறந்த அரிசி அது. சாம்பார் சோற்றுக்கு அது ஒத்துவராது. அதற்கு உருண்டை ரக வெள்ளை அரிசி கடைகளில் கிடைக்கும். எளிதில் கிடைக்காதவை புளி, கறிவேப்பிலை, தேங்காய், துவரம்பருப்பு, பெருங்காயம். பெட்டியில் இடம் இவற்றுக்குத்தான் தர வேண்டும். மஞ்சள்தூளும் சீரகமும் கொண்டுபோகிற இடத்தில் ஒரு சிறு குக்கர் வைக்கலாம். இந்திய மெஸ் என்று ஏஜென்ட் சொல்வது பெரும்பாலும் வட இந்திய மெஸ். ரொட்டியும் ராஜ்மாவும் தினமும் போட்டால் தமிழ்ப் பிள்ளை மூன்று மாதத்தில் சலித்துப்போகும். ஹாஸ்டலில் மாடிக்கு ஒரு சமையலறை உண்டா, மாணவர்கள் சமைக்கலாமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. நாலு பேர் முறைவைத்துச் சமைக்கும் அறையில் தனிமையும் பாதி குறையும்.

அந்த மக்களின் பழக்கங்களில் ரொட்டியைப் பற்றியது முதன்மையானது. நடுவில் முத்திரை குத்தி, தந்தூர் அடுப்பில் சுட்ட வட்ட ரொட்டியைக் கவிழ்த்து வைக்கக் கூடாது, தரையில் போடக் கூடாது, எறியவே கூடாது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தேநீரைக் கிண்ணத்தில் பாதி மட்டும் ஊற்றித் தருவது மரியாதை. மீண்டும் மீண்டும் ஊற்றி உபசரிப்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பது, இடம்விட்டு உட்கார வைப்பது எல்லாம் அங்கேயும் உயிரோடு இருக்கிறது. இந்தி சினிமா பார்த்து வளர்ந்த முதிய தலைமுறைக்கு இந்தியர் என்றால் இன்றும் முகம் மலரும்.

அந்த அன்பை மட்டும் சொல்லி நிறுத்த முடியாது. 2024 மே மாதம் பிஷ்கெக்கில் உள்ளூர் இளைஞர்களுக்கும் எகிப்திய மாணவர்களுக்கும் நடந்த சண்டையின் வீடியோ பரவி, மே 17 இரவில் கும்பல்கள் வெளிநாட்டு மாணவர் விடுதிகளில் புகுந்து தாக்கின. பாகிஸ்தான் மாணவர்கள் அடிபட்டார்கள். அப்போது கிர்கிஸ்தானில் ஏறத்தாழ 15,000 இந்திய மாணவர்கள் இருந்தார்கள், வெளியே வர வேண்டாம் என்று தூதரகம் அவர்களுக்கு அறிவுறுத்தியது. ஓஷும் 2010 ஜூனில் கிர்கிஸ்–உஸ்பெக் மோதலில் நூற்றுக்கணக்கானோரைப் பறிகொடுத்த ஊர். அந்தக் காயம் வெளியில் தெரியாது, அங்கே படிப்பவர் அதைப் பற்றி வாய்திறக்காமல் இருப்பதே நல்லது. தொலைவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஓஷிலிருந்து தூதரகம் உள்ள பிஷ்கெக்குக்குச் சாலைவழி 600 கிலோமீட்டருக்கு மேல். வழியில் 3,000 மீட்டரைத் தாண்டிய இரண்டு கணவாய்கள், குளிர்காலத்தில் பனிச்சரிவு. விமானம் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும், அதுவும் வானிலை இடம்கொடுத்தால். சமர்கண்டின் நிலை இதைவிட மிக எளிது. தாஷ்கெண்டுக்கு 340 சொச்சம் கிலோமீட்டர், ஏறக்குறைய சென்னையிலிருந்து திருச்சி. 2011 முதல் ஓடும் அஃப்ராசியாப் ரயில் இரண்டு மணி நேரம் சொச்சத்தில் சேர்த்துவிடும். பெண் பிள்ளையை அனுப்பும் குடும்பம் இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே சமர்கண்டை முதலில் வைத்து யோசித்தால் அதில் தவறு சொல்ல மாட்டேன்.

பணமும் காகிதமும் பற்றிச் சில வரிகள் போதும். கிர்கிஸ் சோம் அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரு ரூபாய்க்குச் சமம், கணக்குப் போடுவது சுலபம். உஸ்பெக் சோம் ஒரு ரூபாய்க்கு நூறுக்கும் மேல் வரும், லட்சக்கணக்கில் எண்ணிப் பழக வேண்டும். கையில் கொண்டுபோகும் டாலர் நோட்டில் கிறுக்கலோ கிழிசலோ மடிப்பில் தேய்வோ இருந்தால் மாற்றித்தர மறுப்பார்கள். உஸ்பெகிஸ்தானில் வந்து இறங்கியவர் மூன்று நாளுக்குள் தங்குமிடத்தைப் பதிவு செய்ய வேண்டும். ஓட்டல் என்றால் அவர்களே செய்வார்கள், தனி வீடு என்றால் வீட்டுக்காரர் செய்ய வேண்டும். இங்கிருந்து கொண்டுபோகும் போனையும் அங்கே பதிய வேண்டும், இல்லையேல் சில வாரங்களில் உள்ளூர் சிம் வேலை செய்யாது. பாஸ்போர்ட்டை ஏஜென்டோ ஹாஸ்டல் காப்பாளரோ வாங்கி வைத்துக்கொள்வது சில இடங்களில் வழக்கமாக இருக்கிறது. விசா நீட்டிப்புக்குக் கொடுத்தால் ரசீது வாங்கி, வேலை முடிந்ததும் திரும்பப் பெற வேண்டும். இதில் தயவு தாட்சண்யம் பார்க்கக் கூடாது.

பெற்றோர் ஒருமுறையாவது போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும், முடிந்தால் சேர்க்கைக்கு முன்பே. ஏப்ரல், மே அல்லது செப்டம்பர், அக்டோபர் நல்ல பருவம். சமர்கண்டின் ஜூலையில் வெயில் 40 ஐ நெருங்கும். மீனம்பாக்கத்திலிருந்து டெல்லி போய், அங்கிருந்து தாஷ்கெண்டுக்கோ அல்மாட்டிக்கோ பறப்பதுதான் பலரும் போகும் வழி. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் வான்வழி மூடப்பட்டபோது இந்த வழியில் சில விமானங்கள் அடியோடு நின்றுபோயின. அதனால் திரும்பும் தேதியை மாற்ற முடிகிற டிக்கெட்டே நல்லது. கசக்ஸ்தானில் இந்தியர்கள் 14 நாள் விசா இல்லாமல் தங்கலாம், மற்ற இரண்டுக்கும் இ-விசா. ஊருக்குள் யாண்டெக்ஸ் செயலியில் டாக்சி பிடித்தால் பேரம் பேச வேண்டியதில்லை. மார்ஷ்ருட்கா என்ற வேன் நம் ஷேர் ஆட்டோவைப் போலக் கைகாட்டிய இடத்தில் நிற்கும். பிள்ளையோடு போனில் பேசும் நேரம் பற்றியும் கவலை வேண்டாம், உஸ்பெகிஸ்தான் நமக்கு அரை மணி பின்னால், கிர்கிஸ்தான் அரை மணி முன்னால். சமர்கண்டில் ரெகிஸ்தானைப் பார்க்கலாம், ஓஷில் சுலைமான் மலை ஏறலாம். ஆனால் அதற்கு முன் ஒரு காலை நேரத்தைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த மருத்துவமனைக்கு ஒதுக்க வேண்டும். புறநோயாளிப் பிரிவில் கூட்டம் இருக்கிறதா, இந்திய மாணவர்கள் நோயாளியிடம் பேசுகிறார்களா, ஒரு கட்டிலைச் சுற்றி எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று அரைமணி நின்று பார்த்தாலே போதும், எந்தக் கையேடும் சொல்லாததைத் தெரிந்துகொள்ளலாம். பயணச் செலவு மொத்தச் செலவில் சிறு பகுதிதான்.

போக முடியாதவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு இன்று கிடைப்பது ஏஜென்ட் சொல்லும் தகவல். பல கல்லூரிகளில் மாணவர் சேர்க்கையையும் ஹாஸ்டலையும் மெஸ்ஸையும் ஒரே ஒப்பந்தக்காரரே நடத்துவதால் அவர் குறையைச் சொல்லப்போவதில்லை. தமிழக அரசின் அயலகத் தமிழர் நல வாரியம் இருக்கிறது, வெளிநாடு போகும் மாணவர்கள் அதில் பதிவு செய்துகொள்ளலாம். படிப்பை முடித்துத் திரும்பியவர்களிடம் அரசு ஊர்வாரியாகக் கேட்டு, ஓஷுக்கு ஒன்று, சமர்கண்டுக்கு ஒன்று, கரகண்டாவுக்கு ஒன்று எனத் தமிழில் சிறு குறிப்புகள் தயாரித்து ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்துக்குள் வெளியிடலாம். ஹாஸ்டல் வெப்பம் எப்படி, வார்டில் எந்த மொழி, தூதரகம் எத்தனை மணி நேரம், அந்தக் கல்லூரியிலிருந்து வந்தவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்ற நான்கு செய்திகள் அதில் இருந்தால் போதும். அதுவரை, அந்த ஊரில் மூன்றாம் ஆண்டோ நான்காம் ஆண்டோ படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு பேரின் எண்ணை ஏஜென்ட் மூலமாக அல்லாமல் தெரிந்தவர்கள் மூலம் வாங்கி, ஜனவரி மாத இரவு ஒன்றில் வீடியோ காலில் பேசிப் பாருங்கள்.